எல்லை தாண்டாத எட்டு நாள்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஈப்போ புந்தோங்கிலிருந்து புறப்பட்டோம். கோலா கங்சார் பக்கம் நான் பிறந்த பழைய ரப்பர் தோட்டத்துக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். பக்கத்து வீட்டு முருகேசு அண்ணே வாடகைக் கார் ஓட்டுகிறவர். போக வர வாடகை நூற்று இருபது வெள்ளி. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொள்ளப் போனது நான்தான். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கும் என் மகள் தேவி, சாமி கும்பிட்டுவிட்டு மாலையே திரும்புவதாக இருந்தாள்.

அவளுக்கும் அது பருவ விடுமுறைதான். போன விடுமுறையிலும் வீட்டுக்கு வந்தாள். சோற்றுத் தட்டை விடைத்தாள்களுக்குப் பக்கத்தில் வைப்பேன், பாதிதான் காலியாகும். இந்தத் தடவை இடது கண் இமை நிற்காமல் துடித்தது. ஓய்வு எடுக்கச் சொன்னார் மருத்துவர். காரிலும் மடியில் கணினி.

அண்ணே கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். "பிள்ளைங்களுக்குத்தான் லீவா? உனக்கு இல்லையா லா?"

"பேருக்கு இருக்கு மாமா," என்றாள், தலை தூக்காமல்.

சுங்கை சிப்புட் தாண்டிப் போனோம். தோட்டத்தில் இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு நின்றது.

காப்புக் கட்டினால் தீமிதி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. நுழைவாயில் பாலம்தான் எங்கள் எல்லை. வரிசையில் நின்றபோது தேவியின் போன் அடித்தது. அவளுடைய துறைத் தலைவர். ஐந்து நாள் பாடத்திட்ட வேலைக்கு ஞாயிற்றுக்கிழமையே வரவேண்டுமாம். வரமுடியாவிட்டால் கணினி வழியாகவாவது ஐந்து நாளும் உட்காரவேண்டுமாம். அவள் இமை துடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆத்தா, இவளை விட்டுவிடச் சொல் என்று மட்டும் வேண்டினேன்.

என் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டி முடித்தார் பூசாரி. எனக்குப் பின்னால் இன்னொரு கை நீண்டது.

"கட்டினா பாலம் தாண்ட முடியாதும்மா. தெரியுமில்ல?"

"தெரியுங்க. அதுக்குத்தான் கேக்குறேன். கட்டுங்க."

பிறகு தலைவரைத் தானே கூப்பிட்டு, மலாயில் நிதானமாகச் சொன்னாள்: இது விடுமுறை, விரதத்தில் இருக்கிறேன், நேரிலும் வரமாட்டேன், கணினியிலும் வரமாட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. மாலை அண்ணே கிளம்பும்போது கணினிப் பையைத் தூக்கி முன் சீட்டில் வைத்தாள்.

"இதுக்கு மட்டும் காப்புக் கட்டலையா?" என்றார் அண்ணே.

"அது எல்லை தாண்டலாம் மாமா. நான்தான் தாண்டக் கூடாது."

எட்டு நாளும் கோயில் மண்டபத் தரையில் பாய் விரித்துத் தூங்கினாள். பகலிலும் தூங்கினாள். அன்னதானத்துக்குப் பூசணிக்காய் நறுக்கினாள். நாலாம் நாள் இமை துடிப்பதை மறந்துவிட்டது. அந்தக் காலத்தில் என் அப்பா இங்கே பால் மரம் வெட்டினார், ரப்பர் பால் எடுக்கிற வேலை. கையில் காப்பு இருந்தால் வெள்ளைக்காரத் துரைகூட அவரை எல்லைக்கு வெளியே அனுப்பியதில்லை. தோட்டக் கூலிக்குக் கிடைத்த மரியாதை டாக்டர் பட்டம் வாங்கினவளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களைக் கேட்கிறேன்: விடுமுறை உங்களுடையது. அதற்கு ஏன் கைகட்டி நிற்கிறீர்கள்?

தீமிதி முடிந்து, அடுத்த வாரம் சனிக்கிழமை காப்பை அவிழ்த்தோம். ஞாயிறு மதியம் வீடு திரும்பினோம். அண்ணே பையைக் கொண்டுவந்தார். நான் வாங்கப் போனேன், தேவி தடுத்தாள்.

"நாளைக்குக் காலையில கொடுங்க மாமா. பருவம் நாளைக்குத்தான் தொடங்குது."