காவ்யாவின் அம்மா கொடுத்த முருங்கைக்காய்

எங்கள் ஆபீசுக்கு காவ்யா என்று ஓர் இன்டர்ன் வந்திருக்கிறாள். தினமும் தாமதம். கொடுத்த வேலை எதுவும் முடிந்து வராது. கேட்டால், "பாதி முடிஞ்சிடுச்சுக்கா." மீதிப் பாதியை நான்தான் முடிக்கிறேன்.

இப்படியே போனால் ஃபெயில்தான் என்று நாளைக்கு அவளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி இன்று காலை சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தால் எதிரில் காவ்யா. பக்கத்தில் அவள் அம்மா.

தப்பிக்க வழியில்லை. "அம்மா, இவங்கதான் என் சூப்பர்வைசர்" என்றாள் ஈனஸ்வரத்தில்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா! ஆபீஸ்ல எல்லா வேலையும் இவ ஒருத்திதான் பாக்குறாளாமே? வீட்டுக்கு வந்தா பேசக்கூடத் தெம்பில்லாம படுத்துடுறா. பாவம்லா, சின்னப் பொண்ணு. மத்தவங்களுக்கும் கொஞ்சம் பிரிச்சுக் குடுங்க."

காவ்யா கத்தரிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீசில் எந்த வேலையையும் அவள் அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, "பாக்குறேம்மா" என்றேன். நான் வேண்டாம் என்றாலும் அவர் விடாமல், தான் வாங்கிய முருங்கைக்காயில் ஒரு கட்டை என் பையில் திணித்தார்.

எம்ஆர்டி ரயில் ஏறுவதற்குள் காவ்யாவின் மெசேஜ். "தேங்க்ஸ்க்கா. நாளைக்கு சீக்கிரமே வந்துடுறேன்."

"வா. பேசணும்" என்று பதில் போட்டேன்.

நாளைக்குச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அந்த முருங்கைக்காயில் சாம்பார் வைத்து இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டாகிவிட்டது. இனி எந்த முகத்தோடு திட்டுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.