கரை சேர்ந்த தகவல்

எண்ணூர் போகும் வழியில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இறங்குகிறேன். வெயில் ஏறிவிட்டது. விசைப்படகின் நிழலில் வலை தைக்கும் அந்தோணி, தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் தருகிறார். போன மாதம் நடுக்கடலில் தவறி விழுந்த கதையைச் சொல்கிறார்.

"தண்ணில மெதந்துகினே யேசப்பாவ கூப்ட்டேன். சர்ச்சுக்குப் போயி பத்து வருசம் ஆயிருந்துச்சு, ஜெபம் ஒண்ணும் வாயில வர்ல. ஆபத்துன்னா போட் ஒயர்லெஸ்ல கூப்புட்றா மாதிரியே போட் பேரு, எம்பேரு, எண்ணூர்லேந்து எவ்ளோ தூரம், அல்லாத்தையும் சொன்னேன். அப்பால காப்பாத்துப்பான்னேன்."

"கடவுளுக்கே இடம் சொன்னீங்களா?"

"இன்னா பண்றது நைனா, தொழில் பழக்கம்."

எனக்குச் சிரிப்பு வருகிறது. அவர் சிரிக்கவில்லை. அந்த வழியாக வந்த வேறொரு படகு அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

"இப்ப சர்ச்சுக்குப் போறீங்களா?"

"வாராவாரம். போனதும் முட்டி போட்டு, அதே மாதிரி போட் பேரு, எம்பேரு சொல்லி, கரைக்கு வந்துட்டேன்னு சொல்லிட்றது."

ஊசியை வலையில் குத்தி நிறுத்துகிறார்.

"சொல்லணும்ல. இல்லாங்காட்டி அவரு இன்னும் தேடிகினே இருப்பாரு."