தெரியாது என்று சொல்லும் கட்டம்

1. டிவி ரிப்பேரா?

"சார், ஸ்க்ரீன்ல பாதி சாம்பலா கீது. டிவி ரிப்பேரா, நீ ரிப்பேரா?"

திங்கட்கிழமை காலை போனில் கேட்டவர் பஷீர் பாய். எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அங்கே கம்ப்யூட்டர் செக்யூரிட்டி ஆடிட். தேறினால்தான் ஒரு பெரிய கப்பல் கம்பெனி அந்த யார்டில் தொடர்ந்து பெட்டி இறக்கும். தேறாவிட்டால் யார்டு முதலில் கழற்றிவிடப் போவது எங்களை. எங்கள் சின்ன ஆபீஸ் ஓடியதே அந்த யார்டின் தயவில்தான்.

ஆபீஸ், சாத்தாங்காட்டில் ஓர் இரும்புக் கடையின் மாடி. கீழே கம்பி இறக்கினால் மேலே என் மானிட்டர் ஆடும். ஒரு கம்பெனியின் எந்தக் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் ஓடுகிறது, எதில் அப்டேட் பாக்கி என்று காட்டும் வெப் திரைகள் செய்வது எங்கள் தொழில். அதில் என் பங்கு காம்பொனென்ட். கட்டம், பட்டை, அட்டவணை என ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை ஒழுங்காகச் செய்து, எல்லா கஸ்டமர் திரையிலும் அதையே பொருத்துவது. என் மனைவி இதை உறவினர்களிடம் "கம்ப்யூட்டர்ல கட்டம் போடுறாரு" என்று சுருக்கிவிட்டாள். பெண்ணுக்குப் பொருத்தம் பார்க்கச் சொல்லி ஒருவர் ஜாதகத்தோடு வந்தே விட்டார்.

என் கட்டத்துக்கு மூன்று நிறம். சரியாக இருந்தால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து தகவலே வரவில்லை என்றால் சாம்பல்.

2. ஒரு வரி

முதலாளி செல்வி மேடம் துறைமுக கிளியரிங் ஆபீஸில் தொழில் படித்தவர். எதையும் இன்றைக்கே முடித்தாக வேண்டும் அவருக்கு.

"தகவல் இல்லன்னா பச்சை காட்டிடுங்க. தப்புன்னு யாரும் சொல்லலையே?"

"சரின்னும் யாரும் சொல்லலையே மேடம்."

"கோட்ல ஒரு வரி மாத்துறதுக்கு இவ்ளோ பேச்சா?"

"அந்த ஒரு வரி எல்லா கஸ்டமருக்கும் போகும் மேடம்."

"அப்போ யார்டுக்கு மட்டும் தனியா ஒரு காப்பி எடுத்து மாத்துங்க."

நான் வீரன் இல்லை. ஆபீஸ் ஏசி ரிமோட்டைக்கூட நாலு பேரைக் கேட்டுத்தான் தொடுவேன். ஆனால் இதற்குக் கை போகவில்லை.

"மாத்த மாட்டேன் மேடம். ஏன் சாம்பல்னு பாத்துட்டு வரேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிக்கலன்னா?"

"வேற ஆளை வெச்சு மாத்திக்கோங்க. எனக்கு ஜாதகத் தொழில் இருக்கு."

மேடம் சிரிக்கவில்லை.

3. தாவும் பச்சை

மறுநாள் டேங்கர் லாரிகளுக்குப் பின்னாலேயே பைக்கில் எண்ணூர் போனேன். முகம் துடைத்த கைக்குட்டை கறுத்துப்போனது. பஷீர் பாய் என்னை கேட் கேபினுக்குக் கூட்டிப்போனார். மழைக்கோட்டு போட்டதுபோல் பிளாஸ்டிக் சுற்றிய கம்ப்யூட்டர். ஆன்டிவைரஸும், எங்களுக்குத் தகவல் அனுப்பும் எங்கள் புரோகிராமும் ஒழுங்காக ஓடின. என் லேப்டாப்பில் மட்டும் அதன் கட்டம் சாம்பல்.

"ஓடிக்கினு கீது பாரு. உன் கட்டம் இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீது?"

நான் திரையைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தேன். முதலில் 'கேட் 2' பச்சை. அடுத்த முறை அது சாம்பலாகி 'கேட் 1' பச்சையானது. அப்புறம் பில்லிங் கவுன்ட்டர். ஒரே பச்சை, பாண்டி ஆடும் பெண்போல் கட்டம் கட்டமாகத் தாவியது.

"பாய், இதுங்களை எப்படி செட் பண்றீங்க?"

"உப்புக் காத்துல எந்தப் பொட்டியும் தாங்காது நைனா. ஒண்ணு புட்டுக்கிச்சின்னா புதுசு வாங்கி, என்கிட்ட கீற தாய் டிஸ்க்லேர்ந்து அப்டியே காப்பி போட்ருவேன். ஒரு தபா ஒழுங்கா பண்ணா போதும்ல?"

அவரும் என் தொழில்தான்! எங்கள் புரோகிராம் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் அடையாள எண் தரும். தாய் டிஸ்க்கில் அந்த எண்ணும் இருந்ததால், காப்பி எடுத்த எல்லாவற்றுக்கும் அதே எண். எங்கள் சர்வருக்கு அவை எல்லாம் ஒரே கம்ப்யூட்டர். கடைசியாகப் பேசியதற்குப் பச்சை, மற்றதெல்லாம் சாம்பல்.

தாய் டிஸ்க்கில் முதலில் எண்ணை அழித்தோம். பிறகு கேபின் கேபினாகப் போய்ப் புது எண் வாங்கினோம். ஒவ்வொன்றாகப் பச்சையாயிற்று. எடைமேடை மட்டும் சாம்பலிலேயே நின்றது.

அங்கே போய்ப் பார்த்தால் ஆன்டிவைரஸ், எங்கள் புரோகிராம் இரண்டுமே நிறுத்தப்பட்டிருந்தன.

"லாரிக்காரன் ஹார்ன் அடிச்சே சாவடிக்கிறான், இது ரெண்டும் ஸ்லோ பண்ணுது. நான்தான் நிறுத்தினேன்" என்றார் ஆபரேட்டர், ஏதோ ஃபேனை நிறுத்தியதுபோல.

எங்கள் புரோகிராமை ஓடவிட்டதும் கட்டம் சிவப்பானது. பஷீர் பாய் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பச்சை அட்ச்சிருந்தா இத்த பாத்திருக்கவே மாட்டோமே நைனா."

ஆன்டிவைரஸை ஓடவிட்டு, அதன் ஸ்கேனை லாரி வராத நேரத்துக்கு மாற்றிவைத்து, சிவப்பையும் பச்சையாக்கிவிட்டுத்தான் திரும்பினேன்.

4. வெள்ளிக்கிழமை

ஆடிட்டர் அம்மா வந்தார். யார்டு ஆபீஸின் பெரிய டிவியில் திரை முழுக்கப் பச்சை, நடுவில் ஒரு சாம்பல். கேட் 2. செல்வி மேடம் என்னைப் பார்த்த பார்வையில் ஜாதகத் தொழிலுக்கான முதலீடு தெரிந்தது.

"இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார் ஆடிட்டர்.

நான் வாய் திறப்பதற்குள் பஷீர் பாய் முந்திக்கொண்டார். "அது இன்னிக்குக் காலைல புட்டுக்கிச்சிமா. உப்புக் காத்து. புதுப் பொட்டி வந்துகினு கீது."

ஆடிட்டர் நம்பவில்லை, எழுந்து கேட் 2 வரை நடந்தார். ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தார். செத்த பெட்டி செத்தே கிடந்தது. திரும்பி வந்து பேனாவைத் திறந்தார்.

"எங்க போனாலும் முழுப் பச்சையா காட்டுவாங்க. அதை நம்பாம ஒவ்வொரு பொட்டியா திறந்து பாக்கறதே என் வேலை. இது தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுது. இங்க கொஞ்சம் பாத்தா போதும்."

யார்டு தேறியது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு காம்பொனென்ட் செய்ய உட்கார்ந்தால், பச்சையை வரைவதற்கு முன் 'தெரியாது' என்பதை வரையுங்கள். ஒன்று செய்து பல இடத்தில் வைக்கப் போகிறீர்கள். அது ஓர் இடத்தில் பொய் சொன்னால் எல்லா இடத்திலும் சொல்லும்.

அன்று சாயங்காலம் ஆபீஸ் மாடிப்படியில் மேடம் நின்றார்.

"அந்த ஒரு வரியை மாத்தலையே?"

"இல்ல மேடம்."

"யார் சொன்னாலும் மாத்தாதீங்க. நானே சொன்னாலும்."

அதையும் கோடில் அந்த வரிக்கு மேலேயே, படிப்பவர்களுக்கான ஒரு கமென்ட்டாக எழுதிவைத்திருக்கிறேன், மேடம் பெயரோடு.