மூன்றாவது சூடு

கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது போன் அடித்தது. ஸ்டெல்லா அக்காவின் எண். "நான் வாரதுக்குள்ள அந்த சைலன்சரைத் தொட்டுப்போடாதீங்க தம்பி" என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். பேசியவர் அவருடைய கணவர் அந்தோணிசாமி அண்ணன். "தம்பி, உங்கக்கா காலையில எந்திரிக்கலீங்க. டாக்டர் வந்து பார்த்துப்போட்டுப் போயிட்டாருங்க" என்றார். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார்.

உள்ளே போனேன். முந்தின நாள் அக்கா பெயின்ட் அடித்த சைலன்சர் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. உடுமலைப்பேட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவருடைய பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றியது; வண்டியும் கடையிலேயே நின்றது. கறுப்பு ஒரே சீராகப் படிந்திருந்தது, ஓரிடத்திலும் வழியவில்லை. ஆனால் வேலை முடியவில்லை. சூடு தாங்கும் பெயின்டை அடித்துக் காயவைத்தால் மட்டும் போதாது. வண்டியில் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, மூன்று முறை சூடேற்றி, மூன்று முறை ஆறவிட்டால்தான் அது இரும்பை விடாமல் பிடிக்கும். இல்லாவிட்டால் பத்தே நாளில் உரிந்துவிடும். அந்த மூன்று சூடும் பாக்கியிருந்தன. பதினான்கு வருடங்களாக அதை அக்காதான் செய்துவந்தார். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது என்பது எங்கள் ஊர் கருமத்தம்பட்டிக்கே தெரியும்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவிநாசி ரோட்டை ஒட்டி நான் வைத்திருப்பது ஓட்டை சைலன்சர்களுக்கு வெல்டிங் வைக்கும் கடை. பதினான்கு வருடங்களுக்கு முன் அக்கா விசைத்தறியில் வேலை பார்த்தார். நான் வெல்டிங் வைத்துக் கொடுத்த கணவரின் மொபெட்டை ஒரு நாள் தள்ளிக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க தம்பி, நீங்க ஒட்டவெச்சது நல்லாத்தான் இருக்குதுங்க. மேல அடிச்ச பெயின்டுதான் அப்பளமாட்டப் பொரிஞ்சு வந்துருச்சுங்க."

அது வீட்டுக் கேட்டுக்கு அடிக்கிற கறுப்புப் பெயின்ட். எனக்கு அதுதான் தெரியும். இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "சைலன்சர்னா சூடாகத்தானுங்கக்கா செய்யும்" என்றேன்.

"சூடாகும்னு தெரிஞ்சுமா இதை அடிச்சீங்க?"

கோபமே இல்லாமல் கேட்டார். அதனால்தான் அதிகமாக உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் டவுனிலிருந்து சூடு தாங்கும் ஸ்ப்ரே டப்பா ஒன்றை அவரே வாங்கிவந்தார். என் கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அந்தச் சைலன்சரை உப்புத்தாள் கொண்டு தேய்த்துத் துருவெல்லாம் எடுத்து, தின்னரால் துடைத்து, கம்பியில் மாட்டி அடித்தார். தறியில் அறுந்த நூலைத் தேடிப் பழகிய கண் அவருக்கு; ஊசிமுனைத் துருவும் அதற்குத் தப்பாது. நின்று பார்த்த இரண்டு பேர் தங்கள் வண்டிக்கும் கேட்டார்கள். இரண்டே மாதத்தில் தறி வேலையை விட்டுவிட்டுக் கடைக்கே வந்துவிட்டார். நான் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவர் டப்பாவைக் குலுக்கினால் உள்ளே இருக்கும் குண்டு கடகடவென்று உருளும். எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் அதைக் கேட்டுவிட்டுத்தான் எங்களுக்கு டீ போடுவார். முகத்தில் மாஸ்க், கையில் பருத்தி உறை. துடைத்த இரும்பை வெறும் கையால் யாரும் தொடக்கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை பெயின்டுக்கு ஆகாது. எனக்கோ தலை நிறையத் தேங்காய் எண்ணெய். ஆகவே கம்பிக்கு மூன்றடி தள்ளித்தான் எனக்கு இடம். அக்கா மூன்று முறை லேசாக அடிப்பார், ஒவ்வொன்றுக்கும் நடுவே காயவிடுவார். ஒரேயடியாக அடித்தால் என்ன என்று கேட்டேன். "அதும்மேல படோணுங்க தம்பி. குளிப்பாட்டக் கூடாதுங்க" என்றார்.

பிறகு சூடு. முதலில் பத்து நிமிடம், அடுத்து இருபது, மூன்றாவது அரை மணி. ஆறும் நேரத்தை அவர் கடிகாரத்தில் பார்த்ததே இல்லை. வீட்டுச் சமையலுக்கான சின்ன வெங்காயத்தைப் பையில் கொண்டுவருவார். முக்காலியில் உட்கார்ந்து அரைக் கிலோவை உரித்து முடித்தால் சைலன்சர் ஆறிவிட்டது என்று அர்த்தம். அவசரப்படும் வண்டிக்காரரின் கையிலும் ஒரு பிடி வெங்காயத்தைக் கொடுத்துவிடுவார். பெரிய மில் மேனேஜர் ஒருவர் பேன்ட் மடிப்புக் கலையாமல் நின்றுகொண்டே உரித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் சூட்டில் பெயின்ட் புகையும். வண்டிக்காரர்கள் பதறுவார்கள். "பயப்படாதீங்க கண்ணு. முதல் சூட்டுல புகைஞ்சாத்தான் அப்பறம் சும்மா இருக்கும்" என்பார் அக்கா. அவர் வாயால் கேட்டால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும்.

பதினான்கு வருடத்தில் அவருடைய வேலை திரும்பி வந்தது ஒரே முறை. அதற்கும் காரணம் நான்தான். ஓர் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஐந்து சைலன்சர்களுக்கு அடித்துத் தொங்கவிட்டுப் போயிருந்தார். பூஜையன்று அவருக்கு விடுமுறை. நான் வெல்டிங் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன், கிரைண்டருக்கு வைத்தேன், கம்ப்ரசருக்கு வைத்தேன். அதே வேகத்தில் தொங்கிய ஐந்துக்கும் வைத்துவிட்டேன். பூஜை முடிந்து துணியால் துடைத்தேன். போய்விட்டது என்று நினைத்தேன். ரோட்டில் ஓடும்போது தானாகச் சூடாகட்டும் என்று அன்றைக்கே மாட்டியும் கொடுத்துவிட்டேன். ஒரு வாரத்துக்குள் ஐந்து வண்டிகளும் வரிசையாக வந்து நின்றன. பொட்டு வைத்த இடத்தில் வட்டமாகப் பெயின்ட் பெயர்ந்து, அதைச் சுற்றிலும் உரிந்துகொண்டிருந்தது.

அக்கா ஐந்தையும் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சாமி வேண்டாம்னு நான் சொல்லலீங்க தம்பி. சூடு காட்டிப்போட்டு வெச்சிருக்கலாமல்லங்க. சாமி அரை நாள் பொறுக்காதுங்களா?"

"சாமி பொறுக்குமுங்க. நான்தானுங்கக்கா பொறுக்கல."

அக்கா மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு ஐந்தையும் தேய்த்துத் திரும்ப அடித்தார். அடுத்த வருடத்திலிருந்து பூஜைக்கு முந்தின நாளே மூன்று சூட்டையும் முடித்துவிடுவார். விடுமுறையானாலும் பூஜையன்று காலையில் கொஞ்ச நேரம் கடைக்கு வந்து, சந்தனத்தைத் தானே குழைத்து, கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "இனி வெச்சுக்குங்க தம்பி" என்பார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர் அவர். என் கடைச் சந்தனத்தை அவரைப்போல் பதமாக யாரும் குழைத்ததில்லை.

அடக்கத்துக்கு ஊரே வந்திருந்தது. மில் மேனேஜரும் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் உடுமலைக்காரர் போன் செய்தார். விஷயம் கேள்விப்பட்டிருந்தார். "பெயின்ட் காஞ்சிருந்தாப் போதுமுங்க. அப்படியே மாட்டிக் குடுங்க. இந்த நேரத்துல நீங்க எதுக்குச் சிரமப்படறீங்க" என்றார். நல்ல மனிதர். சரி என்று சொல்ல நானும் வாயெடுத்துவிட்டேன். அப்படியே கொடுத்தால் பத்து நாளில் உரிந்து, அக்காவின் கடைசி வேலை மறுபடியும் என்னால் திரும்பி வரும். இந்த முறை சிரித்துவிட்டுத் தேய்த்து அடிக்க அவர் இருக்கமாட்டார். "நாளன்னைக்குச் சாயங்காலம் வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் வரவேண்டிய நாள் காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. அக்காவின் கையுறை என் கைக்கு ஏறவில்லை. சுத்தமான வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு சைலன்சரை மாட்டினேன். முதல் சூட்டில் புகை வந்தது. என்னையும் அறியாமல், "பயப்படாதீங்க கண்ணு" என்று சொல்லிக்கொண்டேன். பத்து நிமிடத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு, வாங்கி வைத்திருந்த சின்ன வெங்காயத்தை எடுத்து அவருடைய முக்காலியில் உட்கார்ந்தேன். அரைக் கிலோ உரிப்பது இவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தப் பழியை வெங்காயத்தின்மேல் போட விரும்பவில்லை; நான் அழுதேன். இரண்டாவது சூடு, அடுத்த அரைக் கிலோ. மூன்றாவது சூடு, இன்னோர் அரைக் கிலோ. ஒன்றரைக் கிலோவையும் அந்தோணிசாமி அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

உடுமலைக்காரர் வந்தார். அவர் வண்டியில் ஏறுவதற்குமுன் சந்தனம் குழைத்தேன், தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது. சைலன்சரில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன். அவர் ஸ்டார்ட் செய்தார். துளிப் புகை இல்லை. பல்லடம் தாண்டுவதற்குள் அந்தச் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருக்கும். அடியில் உங்கள் கறுப்பு அப்படியே இருக்கும், அக்கா.

போயிட்டு வாங்கக்கா. மூணு சூடும் காட்டிப்போட்டுத்தானுங்க பொட்டு வெச்சேன்.