ஜெனிற்றாவில் ஒரு கதிரும் படவில்லை

ஜெனிற்றா போயிட்டா. விடியப்புறம், ஆஸ்பத்திரியில்... தன்னாமுனையில் அவவின் வீட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

நாவற்குடாவில் ஒரே டியூஷன் கொட்டிலில் படிப்பித்தோம். நான் கணிதம், அவ பௌதிகவியல். மிச்ச நேரமெல்லாம் அவவுக்கு ஆராய்ச்சி.

வேகமான இலத்திரன் கற்றை ஒரு பளிங்குக்குள்ளால் போகும்போது வருகிற கதிர்வீச்சு. அதுதான் தலைப்பு. எனக்கு விளங்கவில்லை என்றேன்.

தேற்றாத்தீவால் பஸ்ஸில் போகும்போது தென்னந்தோட்டத்தைக் காட்டினா. "இஞ்ச பாருகா, மரமெல்லாம் கலைஞ்சு கிடக்கிற மாதிரி இருக்கும். ஒரு இடத்தில மட்டும் வரிசை நேரா வரும். பளிங்குக்குள்ள அணுவும் அப்பிடித்தான். அந்த நேருக்கு நுழைஞ்சா இலத்திரன் வரிசையைப் பிடிச்சு அங்கால இங்கால ஆடி ஆடிப் போகும். அந்த ஆட்டத்திலதான் கதிர் வாறது."

முன் சீட்டு ஐயா திரும்பினார். "கதிர் படிக்கிற புள்ளையா? எங்கட வயல் வட்டையில நெற்கதிரெல்லாம் பதராப் போகுது. என்ன மருந்து அடிக்கலாம்?"

"நான் படிக்கிறது வேற கதிர் ஐயா" என்றா, மரியாதையாக. இறங்கின பிறகுதான் சிரிப்பு. "என்ர கதிர் ஆருக்கும் சோறு போடாதுகா. எனக்கே போடுதில்ல."

அந்தக் கற்றையை அவ கண்ணால் கண்டதில்லை. அந்த மெஷின் இங்கே இல்லை.

வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று கூப்பிட்டது. விசா கொடுக்கவில்லை. தன் நாட்டுக்குத் திரும்பிப் போவா என்று நம்பிக்கை இல்லையாம்... இந்த வீட்டுக்குள் இருந்து பழைய லேப்டொப்பில் கணக்குத்தான் போட்டா.

பிறகு இரத்தப் புற்றுநோய்.

இன்று செத்த வீட்டில் ஒருவர் சொல்கிறார், "கதிர் படிச்ச புள்ள... அதான் கதிர் அடிச்சிட்டு." படிப்பறிவில்லாத ஆள் இல்லை. ஆசிரியர்.

எந்தக் கதிர் சேர்? பக்கத்தில் போகவே விடவில்லையே. அதுதானே அவவின் கவலை.

ஏன் வந்தது என்று டாக்டருக்கே தெரியாது. உங்களுக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

அந்தக் கதை ஜெனிற்றாவின் அம்மாவின் காதுக்கும் போய்விட்டது. ஜெனிற்றாவின் தங்கச்சியும் ஏ.எல். வகுப்பில் பௌதிகவியல்தான் படிக்கிறா. "ஒண்டைக் குடுத்திட்டன். மத்ததையும் குடுக்க ஏலா. புத்தகத்தை மூடு" என்கிறா. அழுகிற மனுஷியோடு என்னத்தை வாதாடுவது...

தங்கச்சி என்னைப் பார்த்தா.

நாளைப் பின்னேரம் அடக்கம். வாறவங்க அழுங்க, ஜெபம் சொல்லுங்க. கதிர்க் கதையை மட்டும் கேற்றுக்கு வெளியே விட்டுட்டு வாங்க. அந்தத் தங்கச்சிப் பிள்ளை கேட்டுக்கொண்டு இருக்கிறா.

போயிட்டு வா, ஜெனிற்றா.