வண்டி திரும்பி வரும்போது

போன ஞாயிறு காலை எங்கள் வகுப்பின் வாட்ஸாப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. யாரோ பேட்டரி கேட்கிறார்கள் என்று நினைத்துத் திறந்தேன். பர்வீன் அக்கா மாரடைப்பில் காலமாகிவிட்டார் என்றது.

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டியவராக அவரைப் பலருக்குத் தெரியும். ரிமோட் வண்டிகளும் சின்ன ரோபோக்களும் செய்யக் கற்றுத்தரும் சென்னீர்குப்பம் ஞாயிறு வகுப்பில் என் பக்கத்தில் அமர்ந்து படித்தவர் என்பது சிலருக்குத்தான் தெரியும்.

அங்கே சவாரி இறக்கிவிட வந்தவர், ஒருநாள் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு மாடியேறி வந்து, "நானும் குந்தலாமா சார்?" என்று கேட்டார். கடைசி பெஞ்சில் என் பக்கம் இடம் இருந்தது.

நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஆனால் மோட்டாரைக் கையில் எடுத்ததில்லை. சந்தேகம் கேட்க வாயும் வராது. அக்கா வந்த அன்றே பேட்டரியின் இரு ஒயர்களையும் மோட்டாரில் தொட்டுச் சுழலவைத்தார். பிறகு மாற்றித் தொட்டார்.

"ஒயர மாத்துனா ரிவர்ஸா? அப்ப கியரே வாணாமா?"

நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம்தான் அது. அது அதிசயம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இருவரும் சேர்ந்து ஒரு சிவப்பு வண்டி செய்தோம். ஒருமுறை அக்கா பேட்டரியைத் தலைகீழாக மாட்டிவிட, புகை கிளம்பியது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ மோந்து பார்த்துவிட்டு, "போச்சு. எது வெந்துச்சுன்னு பாப்பம் வா" என்றார்.

வண்டியை முதலில் ஆட்டோ ஸ்டாண்டில்தான் ஓட்டினார். எதிர்க்கோடி வரை ஒழுங்காகப் போனது. திரும்பி எங்களை நோக்கி வருகையில், அவர் இடப்பக்கம் திருப்ப, அது வலப்பக்கம் பாய்ந்து ஓர் ஆட்டோ டயரில் மோதியது.

"இன்னாக்கா, இத்தினி வருசம் ஆட்டோ ஓட்டுன கையா இது?" என்றார் அங்கே ஆட்டோ ஓட்டும் குமார் அண்ணன். ஸ்டாண்டே சிரித்தது. அக்காவும் சிரித்தார். எதிரே வரும் வண்டியின் இடது நமக்கு வலது என்பதை, திரும்பத் திரும்ப மோதித்தான் பிடித்தார். பிடித்ததும் என்னிடம் சொன்னார்:

"போறப்ப அது நம்ம பேச்ச கேக்குது. வர்றப்ப நாமதான் அதுக்குள்ள போய் குந்திக்கணும்."

அடுத்த ஞாயிறு வண்டியைத் தன் காலடிக்கே கொண்டுவந்தார். விசில் பறந்தது. ரிமோட்டை என்னிடம் நீட்டினார். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று பின்வாங்கினேன். வற்புறுத்தவில்லை; ஸ்டாண்டைப் பார்த்து, "வர்ற வாரம் இந்தப் பொண்ணு ஓட்டும். எல்லாரும் நின்னு பாருங்க" என்றார்.

நான் ஓட்ட வேண்டிய ஞாயிறு காலைதான் அந்தக் குரல்பதிவு வந்தது.

நேற்று சிவப்பு வண்டியோடு ஸ்டாண்டுக்குப் போனேன். அக்காவின் ஆட்டோ ஓரமாக நின்றது. குமார் அண்ணன் வழியில் கிடந்த கற்களைக் காலால் ஒதுக்கிவிட்டு, "அக்கா சொல்லிச்சேமா. ஓட்டு" என்றார்.

ரிமோட்டை எடுத்தேன். வண்டி கோடி வரை போய்த் திரும்பியது. என்னை நோக்கி வரும்போது ஒரு கணம் இடம் வலம் குழம்பியது. அக்கா சொன்னபடி அதற்குள்ளே போய் உட்கார்ந்தேன். ஷேர் ஆட்டோவில் இன்னொருவருக்கு எப்போதும் இடம் உண்டு. அக்கா நகர்ந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

வண்டி என் செருப்பைத் தொட்டு நின்றது.

போய் வாருங்கள், அக்கா.