எம் பிளாக்கில் ரோஸ்வீதா செத்த கதை

ரோஸ்வீதா சோபொட்காவுக்கு இந்த உலகத்தில் சொந்தமென்று இருந்தது ஒரே ஒரு சிமெண்ட் படிதான். குடியிருந்த வீடு வாடகை வீடு. ஓட்டிய டிராம் நகராட்சியுடையது. அந்தச் சிமெண்ட் படிக்கும் பத்திரம் ஏதும் கிடையாது. ஆனாலும் அது அவருடையதுதான் என்று ரூர் ஆற்றுப் பக்கத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். பழைய நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்துக் கால்பந்து மைதானம், எம் பிளாக் என்ற நின்று பார்க்கும் பகுதி, மூன்றாவது இரும்புக் கம்பி. பதினேழு வயதிலிருந்து அதில் சாய்ந்து நின்று ஆட்டம் பார்க்கிறார். வயிறு உரசி உரசி அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் போய்விட்டது.

எம் பிளாக்கில் நாற்காலி கிடையாது. டிக்கெட்டில் இட எண்ணும் கிடையாது. சட்டம் மட்டும் உண்டு. தொடர்ந்து மூன்று ஆட்டம் வராதவர் தன் இடத்தை இழப்பார். கல்யாணம், காய்ச்சல், ஜெயில் எதுவும் சாக்காகாது. சாவுக்கு மட்டும் விலக்கு. இறந்தவரின் மஃப்ளரைக் கம்பியில் கட்டிவிட்டால் சீசன் முடியும்வரை அங்கே யாரும் நிற்க முடியாது.

பிப்ரவரியில் ரோஸ்வீதாவுக்கு இடுப்பு எலும்பை மாற்றினார்கள். மூன்று மாதம் கூட்டத்தில் நிற்கக் கூடாது, வேண்டுமானால் உட்கார்ந்து பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதைக் கேட்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தவர்கள் இரண்டு பேர். கம்பியில் அவருக்கு வலப்பக்கம் நிற்கும் சாசேஜ் கடைக்காரர் யூப், இடப்பக்கம் நிற்கும் கணக்கு வாத்தியார் நோர்பெர்ட்.

"உக்காந்தா?" என்று யூப் வாயைப் பிளந்தார். "அவன் என்ன டாக்டரா, நாடகக் கொட்டகைக்காரனா? டார்ட்மண்ட் மைதானத்துல ஒரே பக்கத்துல இருபத்தஞ்சாயிரம் பேர் நிக்கிறான். அதுல ஒருத்தனுக்குக்கூடவா இடுப்பு வலி இல்ல?"

"கெல்சன்கிர்ஷன்ல மைதானத்துப் புல்தரை மொத்தத்தையும் வெயில் காய வெளிய இழுத்துட்டுப் போறாங்க," என்றார் ரோஸ்வீதா. "புல்லுக்கு இருக்கற கவனிப்புகூட எனக்கு இல்ல."

"அந்த எதிரி ஊர் பேரை இங்க எடுக்காத ரோசி, தையல் பிரிஞ்சிடும்."

நோர்பெர்ட் கண்ணாடியைத் துடைத்தார். "பெர்லின்ல ரசிகர்களே கல்லு மண்ணு சுமந்து மைதானத்தைக் கட்டி எழுப்புனாங்க. நம்மால ஒரு கம்பியக் காப்பாத்த முடியாதா? ஒரு வழி இருக்கு ரோசி. நீ செத்துடு."

"என்னது?"

"எம் பிளாக்குல மட்டும்தான். ஊருக்குள்ள நீ பாட்டுக்கு இரு."

அந்த இடம் போய்விட்டால் அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் என்ன செய்வது என்று ரோஸ்வீதாவுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. "மைக்ல என் பேரைச் சொல்லுவாங்கல்ல?" என்று கேட்டார்.

அவருடைய மஃப்ளரைக் கம்பியில் கட்டி, மைக்கில் பெயரையும் சொன்னார்கள். அன்றைக்கு ரோஸ்வீதா எதிர்ப்பக்க இருக்கை வரிசையில், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, ஊன்றுகோலைக் காலடியில் மறைத்து உட்கார்ந்திருந்தார். அங்கே ஜனங்கள் உட்காரக் குட்டி மெத்தை கொண்டுவந்திருந்தார்கள். காப்பி குடித்தார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஆட்டக்காரர்களை அறிமுகப்படுத்தும்போது மைக் பிடிப்பவர் முதல் பெயரை மட்டும் சொல்வார்; குடும்பப் பெயரைக் கூட்டம் கத்தும். இறந்தவர்களுக்கு அந்த மரியாதை கிடையாது. ஆனால் மைக் பிடித்தவர் "ரோஸ்வீதா..." என்று நிறுத்தியதும், எதிர்ப்பக்கத்திலிருந்து "சோபொட்கா!" என்று இடி இடித்தது. ரோஸ்வீதாவுக்கு மயிர் கூச்செறிந்தது.

பக்கத்து இருக்கையிலிருந்த பல் டாக்டர் ஒருவர் அவர் பக்கம் குனிந்தார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"கொஞ்சம் பழக்கம்."

"நல்ல மாதிரியா?"

ரோஸ்வீதா யோசித்துப் பார்த்தார். "தொண்டைதான் கொஞ்சம் பெருசு."

மறுநாள் டிராம் பணிமனையிலிருந்து ஒருவர் மலர்வளையத்தோடு வந்து மணியடித்தார். கதவைத் திறந்தவர் ரோஸ்வீதாவேதான். அந்த மனிதர் மலர்வளையத்தை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். "வாசல்ல வச்சா வாடிடும், உள்ள கொண்டா," என்றார் ரோஸ்வீதா. "செத்தது மைதானத்துல மட்டும்தான். திங்கக்கிழமை டிப்போல வேற எதையாவது உளறி வைக்காத."

ஏப்ரலில் குட்டு உடைந்தது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் நம் அணி கோல் போட்டது. ரோஸ்வீதா தன்னை மறந்து எழுந்து, ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டினார். தொப்பியும் கண்ணாடியும் பறந்தன. கேமராவுக்கும் அந்த நேரம் பார்த்து வேறு வேலை இல்லை. பெரிய திரை முழுக்க அவர் முகம். கோலுக்குக் கத்திக்கொண்டிருந்த எம் பிளாக் பாதியில் ஊமையானது.

அடுத்த ஆட்டத்தன்று யூப்பின் சாசேஜ் கடைக்குப் பின்னால் பஞ்சாயத்து கூடியது. வழக்குப் போட்டவர் ஹார்ட்முட். பல வருஷமாக ரோஸ்வீதாவுக்குப் பின்படியில் நின்று அவர் பின்னந்தலையைப் பார்த்தே ஆட்டம் பார்த்தவர்.

"அவ உசுரோட இருக்கா," என்றார் ஹார்ட்முட். "மூணு ஆட்டம் வரல. கம்பி எனக்கு."

"பேரைக் கத்துனமா இல்லையா?" என்றார் நோர்பெர்ட்.

"பொய்னு தெரியாம கத்துனோம்."

"எதிரணி நாலு கோல் போட்டாலும் ஸ்கோர் சொல்லும்போது அவங்களுக்கு எத்தனைன்னு கத்துறோம்?"

"சைபர்."

"என்னைக்காவது வாபஸ் வாங்கியிருக்கமா?"

எம் பிளாக் கத்தியது கத்தியதுதான். ரோஸ்வீதா செத்தவர்தான் என்று முடிவானது.

"சரி," என்றார் ஹார்ட்முட் மெதுவாக. "அப்ப செத்தவளாவே இருக்கட்டும். சீசன் முடியற வரைக்கும் அவ இங்க வந்து நிக்கிறத நான் பாக்கக் கூடாது."

பஞ்சாயத்து இதையும் ஏற்றுக்கொண்டது. இடம் தப்பியது, ரோஸ்வீதாதான் மாட்டிக்கொண்டார். மே மாதத்தில் டாக்டர் நிற்கலாம் என்று சொல்லிவிட்டார். இடுப்பு தயார், கம்பி தயார், நிற்கத்தான் வழியில்லை. கடைசி ஆட்டம் வேறு. தோற்றால் அணி கீழ் டிவிஷனுக்குப் போய்விடும். பல் டாக்டர் அவருக்கென்று ஒரு மெத்தையே வாங்கி வைத்திருந்தார். அந்த மெத்தையை நினைத்ததும் ரோஸ்வீதா எம் பிளாக்குக்கு டிக்கெட் எடுத்தார்.

படியேறும்போது ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. தெரிந்த முகங்களெல்லாம் அவரை ஊடுருவி மைதானத்தைப் பார்த்தன. மூன்றாவது கம்பியில் யூப்புக்கும் நோர்பெர்ட்டுக்கும் நடுவே, சரியாக அவர் உடம்பு அளவுக்கு இடைவெளி இருந்தது. ரோஸ்வீதா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதில் போய் நின்றார்.

"முன்னாடி ஏதோ மறைக்குது," என்றார் பின்னாலிருந்து ஹார்ட்முட்.

"பனி," என்றார் யூப், திரும்பாமல்.

"மே மாசத்துலயா?"

"சுரங்கம் பக்கம்ல."

கை மாறி வந்த பீரை யூப் கம்பிமேல் வைத்தார். ரோஸ்வீதா எடுத்துக் குடித்தார். காலி டம்ளரை யூப் தூக்கிப் பார்த்தார். "வெயில்ல ஆவியாயிடுச்சு."

"பனின்னு சொன்ன?" என்றார் ஹார்ட்முட். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கழுத்தை எக்கி, பனியின் தோளுக்கு மேலாக ஆட்டத்தைப் பார்த்தார்.

அணி தோற்றது. விசில் ஊதியபோது எம் பிளாக் முழுக்க அழுதது, ரோஸ்வீதாவும் அழுதார். அப்போது அவர் தோளை யாரோ தட்டினார்கள்.

"ரோசி," என்றார் ஹார்ட்முட், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சீசன் முடிஞ்சிருச்சு. எப்ப வந்த?"

"இப்பதான்."

"அடுத்த வருஷமாவது தலையக் கொஞ்சம் சாச்சு நில்லு. முப்பது வருஷமா ஒரு கார்னர்கூட நான் ஒழுங்கா பாத்ததில்ல."